வலது காதுல கதை, இடது காது காட்டெருமைக்கு

கேள்வி: தம்பி வணக்கம், கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலேர்ந்து (படுகர் ஊருக்கு அப்படித்தான் பேரு) எழுதுறேன், உங்கள விட மூத்தவளாத்தான் இருப்பேன் அதனால தம்பின்னே சொல்லிக்கிறேன். ஒரு கண்ணுல புரை ஆபரேஷன் ஆச்சு, இன்னொன்னு பாக்கி, எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியுது (இதகூட நான் சொல்லச் சொல்ல மருமகதான் டைப் பண்றா). பையன் போன்ல ஆடியோ புக் போட்டுக் குடுத்தான், இந்த மழைக்குள்ள நாலு நாவல் முடிச்சிட்டேன். நமக்கு அரை ஏக்கர் தேயிலை இருக்கு, கொழுந்து எடுக்கும்போதுதான் கேக்குறது. ஓரத்துல காட்டெருமை மேயும், சில நாள் கரடியும் வரும், அதனால வலது காதுல மட்டும் இயர்போன், இடது காது அதுங்களுக்கு.

பாஸ்கர்வில் நாய் கதை மூடுபனி எறங்குன அன்னைக்குக் கேட்டேன், அதுல கடைசியில ஷெர்லாக் ஹோம்ஸ் பனிக்குள்ள காத்திருக்கிற எடம் வருது பாருங்க, எனக்கு முன்னாடி நாலாவது செடி தெரியல, இடது பக்கம் என்னமோ செருமுற சத்தம், கூடைய அங்கயே போட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன், பாத்தா பக்கத்து வீட்டு பசு. டிராகுலா இங்கிலீஷ்ல கேட்டேன், பாதிதான் புரிஞ்சுது, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு ஆள் வாசிக்கிறாங்க, ஆனாலும் விட முடியல. பொன்னியின் செல்வன்தான் ஆசையா ஆரம்பிச்சேன், சின்ன வயசுல படிச்சது, வாசிக்கிற ஆம்பள குந்தவைக்கு கீச்சுக்குரல் குடுக்கிறார், முதல் பாகம் தாண்டுறதுக்குள்ள தலைவலி, எப்படியோ முடிச்சேன். நாலாவது ராஜம் கிருஷ்ணனோட குறிஞ்சித்தேன். எங்க படுக ஜனங்க கதைன்னு மருமக தானே வாசிச்சு வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜா அனுப்பினா, அவ பாளையங்கோட்டைக்காரி, ஹட்டிய அட்டின்னுவா, நான் அடுப்படியிலேர்ந்து திருத்துறதும் குக்கர் விசிலும் எல்லாம் அதுலயே இருக்கு. அதக் கேட்டுத்தான் அழுதேன். நான் அழுதது கதைக்கா அவ குரலுக்கா? பொன்னியின் செல்வன் எனக்கு இப்ப பிடிக்காமப் போனது கதையாலயா அந்த ஆளாலயா? பிரிச்சுப் பாக்கத் தெரியல.

பதில்: அக்கா, மொதல்ல அந்த மனுஷன ரொம்பத் திட்டாதீங்க, பாவம், கல்கி மேல உள்ள ஆசையிலதான் அப்படி நடிச்சிருப்பார். ஆனா கடுப்பு எனக்கும் உண்டு. குந்தவைக்குக் கீச்சுக்குரல், பழுவேட்டரையருக்குத் தொண்டை கிழியிற குரல்னு போட்டா அடுத்து என்ன நடக்குதுன்னு மனசு போகாது, யாராவது இவருக்கு ஒரு டம்ளர் சுடுதண்ணி குடுங்கப்பான்னுதான் போகும். தப்புல பாதி உங்க மேலயும் இருக்கு. அது 1950லேர்ந்து 1954 வரைக்கும் பத்திரிகையில வாராவாரம் வந்த தொடர், அஞ்சு பாகத்துலயும் சேத்து 293 அத்தியாயம், வந்தியத்தேவன எங்கயாவது மாட்டிவிட்டு தொடரும்னு போடறதே அடுத்த வாரம் ஜனங்க கடைக்கு ஓடி வரணும்னுதான். அத ஒரே மூச்சா காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கேட்டா, வாரக்கணக்குல ஆறப்போட்டு சாப்பிட வேண்டியத ஒரே பந்தியில பரிமாறுன மாதிரிதான். நாளைக்கு ரெண்டு அத்தியாயம், அதுவும் சும்மா பேப்பர் வாசிக்கிற மாதிரி வாசிக்கிற வேற ஆளா பாத்துப் போடுங்க, ஆடிப்பெருக்கு அன்னைக்கு வீரநாராயண ஏரிக்கரையில குதிரை வர்ற அந்த ஆரம்பத்த மட்டும் கேட்டுப் பாருங்க. அப்பவும் பிடிக்கலன்னா சரி, கதை உங்களுக்கு ஆகல, விட்டுடலாம்.

டிராகுலாவ எங்க விட முடியலன்னு நீங்க சொல்லல, நான் சொல்றேன். அந்தக் கதையே டைரியும் கடிதமும் தந்தியுமா ஆளுக்கொரு பக்கம் சொல்றது, அதனால லிப்ரிவாக்ஸ் மாதிரி எடத்துல (2005ல ஆரம்பிச்சது, காப்புரிமை முடிஞ்ச புத்தகங்கள தன்னார்வலர்கள் பிரிச்சு வாசிச்சுப் போடறது) அத்தியாயத்துக்கு அத்தியாயம் குரல் மாறினாலும் இந்த ஒரு கதைக்கு அது ஒத்துப்போகுது, வேற நாவலுக்கு அப்படிப் பண்ணா எரிச்சல்தான் வரும். அதுல ஒரு டாக்டர் வர்றார், பைத்தியக்கார ஆஸ்பத்திரி டாக்டர் சூவர்டு, ஞாபகம் இருக்கா? அவர் டைரிய பெரும்பாலும் எழுதறதில்ல, போனோகிராப்ல பேசி மெழுகு உருளையில பதிவு பண்றார், புக்கு வந்தது 1897, அப்பவே ஒருத்தர் வாய்ஸ் மெசேஜ் போட்டுக்கிட்டு இருந்திருக்கார்னு வச்சுக்கோங்க. அந்த உருளையெல்லாம் அதே கதையில வர்ற மீனாங்கிற பொண்ணு உக்காந்து கேக்குறா, கேட்டுட்டு டைப் அடிச்சு வச்சிடறா, ஏன்னா டாக்டர் மனசு படற பாடு அந்தக் குரல்லயே தெரியுது, இனி வேற யாரும் இதக் காதால கேக்க வேணாம்ங்கிறா. இதக் கேட்ட அன்னைக்கு நான் குன்னூர் மார்க்கெட்ல காய் வாங்கிட்டிருந்தேன், கேரட்டுக்குக் காசு குடுக்காமயே நடந்து போயிட்டேன், பின்னாடியே பையன் ஓடி வந்தான். அந்த டாக்டர் எதையும் நடிக்கல பாருங்க, அன்னன்னைக்கு நடந்தத சொல்லிக்கிட்டே போறார், அவ்வளவுதான்.

உங்க மருமகளும் அதத்தான் பண்ணியிருக்கா. குறிஞ்சித்தேன் நல்ல நாவல், சாமையும் ராகியும் வெளைஞ்ச நிலம் தேயிலையா மாறுறதையும், குறிஞ்சி பூத்து மறுபடி பூக்கிற 12 வருஷத்த வச்சு காலத்த அளக்கிறதையும் யார் வாசிச்சாலும் நெஞ்சுல நிக்கும். ஆனா உங்க ஊர் பேர உங்களுக்கே தப்பா வாசிச்சு, நீங்க அடுப்படியிலேர்ந்து "ஹ, ஹட்டி"ன்னு கத்தி, அவ திரும்ப சரியா சொல்ற சத்தம் ராஜம் கிருஷ்ணன் எழுதினதுல கிடையாது. அதனால பிரிக்காதீங்கக்கா, ரெண்டுக்கும்தான் அழுதிருக்கீங்க. ஒரு வேலை மட்டும் பண்ணுங்க, அத வாட்ஸ்அப்ல மட்டும் விட்டு வைக்காதீங்க, போன் மாத்துற அன்னைக்கு எல்லாம் போயிடும், எங்க அப்பா அனுப்பின மெசேஜெல்லாம் எனக்கு அப்படித்தான் போச்சு. பையன விட்டு ஒரு பென்டிரைவ்ல ஏத்தச் சொல்லுங்க.

அடுத்து என்ன கேக்குறதுன்னு தவிச்சா அகதா கிறிஸ்டியோட ரோஜர் ஆக்ராய்டு கொலை கேளுங்க. 1935ல இங்கிலாந்துல பார்வை இல்லாதவங்களுக்காக பேசும் புத்தகம் ஆரம்பிச்சப்ப இசைத்தட்டுல மொதமொதலா வந்ததுல அதுவும் ஒண்ணு, ஒரு பக்கத்துக்கு 25 நிமிஷம்தான் ஓடும், திருப்பித் திருப்பிப் போடணும். இதையும் சாதாரணமா வாசிச்ச குரல்லதான் கேக்கணும், நடிச்சு வாசிச்சா பாழ். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேன். இடது காத மட்டும் எப்பவும் போல காலியா வச்சுக்கோங்க.

கேள்வி: அண்ணா, ஊட்டியிலேர்ந்து மசினகுடிக்கு கல்லட்டி வழியா அடிக்கடி போறேன், துப்பறியும் கதை சூடு பிடிக்கிற நேரம் பாத்து சிக்னல் போயிடுது, என்ன பண்ண?

பதில்: வீட்லயே டவுன்லோட் பண்ணிட்டு ஏறுங்க தம்பி. நீங்க பக்கத்து சீட்டுன்னா தாராளமா கேளுங்க. ஸ்டியரிங் உங்க கையிலன்னா, 36 கொண்டை ஊசி வளைவும் எறங்கி முடியிற வரைக்கும் கொலகாரன் யாருன்னு தெரியாமலே இருக்கட்டும்.