தினமும் போட ரெட்ரோ ஸ்னீக்கர்: சம்பாவா, கிளப் சி-யா?

கல்லூரிக்கும் கடைத்தெருவுக்கும் ஒரே ஜோடி வேண்டும், ஜீன்ஸுக்கும் குர்த்திக்கும் பொருந்த வேண்டும், எல்லோரும் போடும் அடிடாஸ் சம்பா ஷூவையே வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதம் ஒடுக்கமாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். முன்பாதம் அகலம் என்றால் வேண்டாம். அழகுக்காக உங்கள் சுண்டு விரல் எதையும் பொறுத்துக்கொள்ளாது.

இந்தப் பழைய பாணி ஷூக்கள் பெரும்பாலும் ஆடுகளத்துக்காகப் பிறந்தவை. எந்த ஆட்டத்துக்கு என்று தெரிந்தால் காலில் எப்படி இருக்கும் என்பதில் பாதி விளங்கிவிடும். அடிடாஸ் சம்பா, பனியில் இறுகிய தரையில் கால்பந்து ஆடுகிறவர்களுக்காக வந்தது. பந்து படுவது காலுக்குத் தெரிய வேண்டுமே, அதனால் ஒட்டிய வடிவம், மெல்லிய சோல். ஜப்பானிய நிறுவனமான ஒனிட்சுகா டைகரின் மெக்சிகோ 66 அதைவிட மெலிது. போட்டிருப்பதே தெரியாது, ஆனால் நம் நடைபாதையின் ஒவ்வொரு கல்லும் தெரியும். டென்னிஸ் ஷூ வேறு ரகம். பக்கவாட்டில் ஓடித் திரும்புகிறவருக்குக் கால் ஊன்ற இடம் வேண்டும். 1985இல் வந்த ரீபாக் கிளப் சி, 1960களில் ஒரு பிரெஞ்சு வீரரின் பெயரில் வெளிவந்து பிறகு ஸ்டான் ஸ்மித் என்று பெயர் மாறிய அடிடாஸ் ஷூ, இரண்டும் இந்த வகை. நாள் முழுக்க நடக்க என் ஓட்டு கிளப் சி-க்கு.

கடைக்கு மாலையில் போங்கள். அதற்குள் பாதம் சற்று வீங்கியிருக்கும். வழக்கமாகப் போடும் சாக்ஸுடனே போட்டுப் பாருங்கள். உட்கார்ந்தபடி பார்த்தால் எல்லா ஷூவும் பொருந்தும், எழுந்து நில்லுங்கள். உள்ளே இருக்கும் அட்டை கழன்று வந்தால் அதைத் தரையில் வைத்து அதன்மேல் நின்று பாருங்கள். விரல்கள் விளிம்பைத் தாண்டி வழிந்தால் அந்த மாடல் உங்களுக்கானது அல்ல. "போடப் போட இளகிவிடும்" என்று விற்பவர் சொல்வார். தோல் கொஞ்சம் இளகும். சோலின் அகலம் இளகாது. நீளத்தில் பெருவிரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் போதும்.

இணையத்தில் வாங்கினால் பிரிட்டன் அளவைப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்க அளவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் எண் வேறு. இருபாலருக்கும் பொதுவான மாடல்களில் ஆண்களுக்கான எண்ணைப் போட்டுக் குழப்பிவிடுவார்கள்.

ஸ்வேட், அதாவது வெல்வெட் போல மெத்தென்ற தோல், பார்க்க அழகுதான். சென்னை மாதிரி ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு முறை சேற்றுத் தண்ணீரில் இறங்கினால் கறை போவது கடினம். ஒரே ஜோடிதான் என்றால் வழவழப்பான தோலோ செயற்கைத் தோலோ வாங்குங்கள், ஈரத்துணியால் துடைத்தால் வேலை முடிந்தது. வெள்ளையிலும் பளிச்சென்ற வெள்ளையைவிடத் தந்த நிறம் அழுக்கைக் குறைவாகக் காட்டும், பருத்தி குர்த்திகளோடும் இணங்கிப்போகும். கழுவினால் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் ஓரங்கள் மஞ்சளாகிவிடும்.

இன்னொன்று: கோயில், வீடு, தோழி வீடு என்று நாளைக்குப் பல முறை கழற்றி மாட்ட வேண்டிய ஊர் நம்முடையது. லேஸைச் சற்றுத் தளர்த்திக் கட்டினாலும் குதிகால் நழுவாத ஜோடியாகப் பார்த்து எடுங்கள்.