சூட்டில் நிற்கும் பழைய ஹொண்டா: கொயிலா, கண்டென்சரா?

தம்பி, உங்கள் பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள் சாவகச்சேரியில் இருந்து வர நாவற்குழியடியில் சூட்டில் நின்று, ஆறினபிறகு ஸ்டார்ட் ஆகிறது என்றால் கொயிலை (பிளக்கில் பொறி பறக்க உயர் வோல்ற் கொடுக்கும் சுருள்) சந்தேகிப்பது சரிதான். ஆனால் புதுக் கொயில் பூட்ட முதல் கண்டென்சரை (பொயின்றில் பொறி பறப்பதைக் குறைக்கும் சிறு பாகம்) மாற்றிப் பாருங்கள். விலை குறைவு, அது பழுதானாலும் வண்டி காட்டும் குணம் இதேதான். பொயின்றில் (கொயிலுக்கான மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் தொடுமுனை) பொறி பெரிதாகப் பறந்தால் அனேகமாக அதுதான்.

கொயிலை வண்டி நின்ற கையோடு, சூட்டிலேயே அளக்க வேண்டும். ஆறினால் எல்லாக் கொயிலும் நல்ல பிள்ளைதான்! இரண்டு பிளக்குக்கும் ஒரே கொயில் என்கிறீர்கள். அப்படியென்றால் பிளக் தொப்பிகளைக் கழற்றிவிட்டு இரண்டு வயர் நுனிகளுக்கும் இடையே ஓம் (மின்தடை) அளக்கும் மீற்றரை வையுங்கள். பல ஆயிரம் ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. தொப்பியோடு அளந்தால் அதற்குள் உள்ள ரெசிஸ்டரும் சேர்ந்து கணக்கைக் குழப்பும்.

கொயில் வாங்கும்போது அது எத்தனை வோல்ற் என்று கேளுங்கள். 6 வோல்ற் கொயிலை 12 வோல்ற் வண்டியில் பூட்டினால் கொதிக்கும், பொயின்றும் கருகும்.