பருத்திப்பால் குடிக்கலாமா?

கேள்வி: மதுரையில் பிறந்து வளர்ந்தவள் நான். பருத்திப்பால் இல்லாத வாரமே எங்கள் வீட்டில் கிடையாது. விவசாயக் கல்லூரியில் படிக்கும் பேத்தி, "இப்போ வர்றதெல்லாம் மரபணு மாத்தின 'பிடி' (Bt) பருத்திக்கொட்டை பாட்டி, குடிக்காதே" என்கிறாள். பிடி கத்தரிக்காயை நிறுத்தி வைத்த அரசு, இதை எப்படி விட்டது? நான் குடிக்கலாமா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: தாராளமாகக் குடியுங்கள் அம்மா. ஆனால் பேத்தி கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

இந்தியாவில் பருத்தி விளையும் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் பிடி ரகம்தான். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கொட்டையும் பெரும்பாலும் அதுவே. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை உள்ளே வைத்திருப்பதால், காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே தயாரித்துக்கொள்கிறது. புழுவின் குடல் காரத்தன்மை கொண்டது. அங்கே அந்தப் புரதம் கரைந்து, குடல் சுவரில் ஒட்டி, ஓட்டை போட்டுவிடும். நம் வயிற்றில் இருப்பது அமிலம். அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. மற்ற புரதத்தைப் போலச் செரித்துவிடும். நீங்களோ கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பிழிந்த பாலைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுகிறீர்கள். அதனால்தான் பயமில்லாமல் சொல்கிறேன்.

என் கோபமெல்லாம் அரசு மீதுதான். 2002இல் பிடி பருத்தி அனுமதி வாங்கியது பஞ்சுப் பயிராக. கொட்டையை மாட்டுக்கும் ஆட்டுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அதைப் பால் பிழிந்து மனிதர் குடிக்கும் ஊர் ஒன்று இருக்கிறதே என்று யார் யோசித்தார்கள்? கத்தரிக்காய் நேராகச் சமையலறைக்கு வருவது, அதனால் எல்லோர் கண்ணிலும் பட்டது. நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பிடி கத்தரி ரகங்களை உருவாக்கியிருந்தது. 2009 அக்டோபரில் நிபுணர் குழு பச்சைக்கொடி காட்டியது. அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களைக் கூட்டிக் கேட்டார். 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்தி வைத்தார். விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, சுயேச்சையான நீண்டகால ஆய்வு வேண்டும் என்றார். அந்த உத்தரவு இன்னும் நிற்கிறது. பக்கத்து வங்கதேசமோ 2014லேயே பிடி கத்தரி நாற்றை விவசாயிகள் கையில் கொடுத்துவிட்டது.

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, விதிமுறைப்படி அல்லாமல் மரபணு மாற்று உணவை யாரும் விற்கக் கூடாது என்கிறது. சரி, அந்த விதிமுறை? வரைவு வெளிவந்ததே 2021இல்தான்! பொட்டலத்தில் அடைத்த மரபணு மாற்று உணவு என்றால் அதைக் குறிக்கும் 'ஜி.எம்.' என்ற எழுத்துகளை மேலே அச்சடிக்க வேண்டும் என்று 2013இல் ஒரு விதி வந்தது. எத்தனை பருத்திக்கொட்டை எண்ணெய் பாக்கெட்டில் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? பாதுகாப்பானது என்று நம்புகிற நானே கேட்கிறேன்: எதைக் குடிக்கிறோம் என்று தெரிந்து குடிக்கும் உரிமையை ஏன் எங்களுக்குத் தரவில்லை? சோதனை முடிவுகளைத் தமிழில் வெளியிட்டால் என்ன குறைந்துவிடும்?

பிடி இல்லாத கொட்டைதான் வேண்டும் என்றால், கருங்கண்ணி பயிரிடும் விவசாயியைத் தேடிப் பிடியுங்கள். அது நம் நாட்டுப் பருத்தி. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் விசாரித்தால் தெரியும்.

அப்புறம், பிடியை விட நான் பயப்படுகிற விஷயம் ஒன்று உண்டு. விதைப்புக்கென்று விற்கும் கொட்டையில் பூச்சிமருந்து பூசி, சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் ஏற்றியிருப்பார்கள். மீந்த விதை என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அது சமையலுக்கு ஆகாது. மாட்டுத் தீவனத்திலும் கலக்காதீர்கள்.