சீட் வயரை வெட்டச் சொன்னவர் பேச்சைக் கேட்காதீர்கள்

தம்பி, வாங்கிய வீட்டோடு பழைய புல் வெட்டும் டிராக்டர் ஒன்றும் வந்தது, சாவியைத் திருப்பினால் அசைவே இல்லை, சீட்டுக்கு அடியில் இருக்கிற வயரை வெட்டி முறுக்கிவிட்டால் ஓடும் என்று நம்மவர் ஒருவர் சொல்கிறார், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். எந்த பிராண்டு நல்லது, புதிதாக வாங்கலாமா என்பதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம், எனக்கு அதில் பெரிய அக்கறையும் இல்லை.

அந்த வயர் போவது சீட் சுவிட்சுக்கு. பிளேடு சுற்றும்போது நீங்கள் சீட்டை விட்டு எழுந்தாலோ தவறி விழுந்தாலோ எஞ்சினை நிறுத்துவது அதுதான். நம் ஆட்களுக்கு எந்த மெஷினைக் கண்டாலும் எதை பைபாஸ் பண்ணலாம் என்றுதான் முதலில் தோன்றும். பிள்ளையை மடியில் உட்கார வைத்து, புல் வெட்டிக்கொண்டே வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். சொன்னால் கோபம் வருகிறது. வரட்டும்.

சாவிக்கு அசையவில்லை என்றால் முதலில் பிரேக் பெடலை முழுதாக அழுத்தியிருக்கிறீர்களா, பிளேடு லீவர் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று சரியில்லாவிட்டாலும் ஸ்டார்ட்டருக்கு கரண்ட் போகாது. அடுத்தது பேட்டரி. முழுதாக சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி மீட்டரில் 12.6 அளவில் காட்டும், 12க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போடாமல் வேறு எதையும் ஆராய வேண்டாம். டெர்மினலில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் கழற்றித் தேய்த்து இறுக்குங்கள். ஒரே ஒரு 'டக்' சத்தம் கேட்டு நின்றால், ஸ்டார்ட்டருக்கு கரண்டை விடும் சுவிட்சான சோலினாய்டையும் அதற்குப் போகும் வயர்களையும் சந்தேகப்படலாம்.

ஸ்டார்ட்டர் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் பழைய பெட்ரோல்தான் காரணம். எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் டாங்கில் கிடந்தால் கெட்டுப்போய் கார்புரேட்டருக்குள் பிசுபிசுவென்று ஒட்டி, சின்னத் துளைகளை அடைத்துவிடும். வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். கொஞ்ச நேரம் நன்றாக ஓடி நின்றுபோய், டாங்க் மூடியைத் தளர்த்தியதும் மறுபடி ஓடினால் மூடியில் இருக்கிற காற்றுத் துளை அடைத்திருக்கிறது, அதற்குப் போய் மெக்கானிக்கிடம் பணம் கொடுக்காதீர்கள்.

டெக்குக்கு, அதாவது பிளேடை மூடியிருக்கும் தகரக் கூட்டுக்கு, அடியில் கை வைக்கும் முன் சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றி ஓரமாக ஒதுக்குங்கள். சரிவான இடத்தில் இந்த வண்டியை மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டினால் கவிழும். 15 டிகிரிக்கு மேல் சரிவு இருந்தால் ஏறவே வேண்டாம் என்றுதான் பெரும்பாலான மேனுவல்களில் போட்டிருக்கும்.

நான் வந்த புதிதில் இதையெல்லாம் கேட்க ஆள் கிடையாது. நம்மவர்களிடம் கேட்டால், படித்துவிட்டு வந்தவன் இந்த வேலையெல்லாம் செய்வாயா என்று சிரிப்பார்கள். பக்கத்து வீட்டில் ஒரு கிழவர் இருந்தார், அதிகம் பேச மாட்டார். என் புல்லின் நுனியெல்லாம் கிழிந்து பழுப்பாக நிற்பதை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு ஒரு நாள் அரத்தோடு வந்தார். பிளேடு மழுங்கினால் புல் வெட்டுப்படாது, பிய்யும் என்பதை அவர் காட்டித்தான் தெரிந்துகொண்டேன். தீட்டிய பிளேடை நடுத் துளையில் ஒரு ஆணியில் மாட்டி, எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்ப்பார். சமமாக நிற்கும்வரை விட மாட்டார், இல்லாவிட்டால் வண்டி அதிரும், பேரிங் போய்விடும். இன்று எங்கள் தெருவில் பாதிப் பேர் பிளேடைத் தீட்ட என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள், சிரித்தவர்களும் சேர்த்து.

கார்புரேட்டரைக் கழற்ற வேண்டி வந்தால் அதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் இருந்தது என்று பிறகு நினைவிருக்காது.