நடந்துவிட்டு வடை சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 67 வயது. சர்க்கரை, பிபி இல்லை. பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 228, எல்.டி.எல். 148, டிரைகிளிசரைடு 210, எச்.டி.எல். 38. மூன்று மாதம் பார்த்துவிட்டு மாத்திரை பற்றி முடிவெடுக்கலாம் என்கிறார் டாக்டர். 'நடப்போம் நலம் பெறுவோம்' பாதையில் எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பேர் தினமும் நடக்கிறோம். இது போதுமா?
- வாசகி, திருச்சி

பதில்: நடையை விடாதீர்கள். ஆனால் அது மட்டும் போதாது. நடந்தால் ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு குறையும், நல்ல கொழுப்பான எச்.டி.எல். கொஞ்சம் ஏறும். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். அதனால் பெரிதாக இறங்காது. அதற்கு அடுப்படியில்தான் வேலை.

2023 நவம்பரில் அரசு தொடங்கிய இந்தத் திட்டத்தில் பாதை 8 கிலோமீட்டர். முழுவதும் நடக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம், அவ்வளவுதான். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் அங்கேயே நின்றுவிடுங்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள்.

நான் பார்த்த நடைக்குழுக்கள் பல டீக்கடையில்தான் முடிகின்றன. ஆளுக்கு இரண்டு மெதுவடை, சர்க்கரை தூக்கலாக ஒரு காபி! நடந்ததெல்லாம் அந்த வாழை இலைத் துண்டிலேயே போய்விடும். கூட்டத்தைக் கலைக்க வேண்டாம், பண்டத்தை மாற்றுங்கள். முறை வைத்து ஒருவர் தினம் சுண்டல் கொண்டுவரட்டும். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கொள்ளு எதுவானாலும் சரி. அவற்றின் நார்ச்சத்து எல்.டி.எல்.-ஐக் குறைக்க உதவும். வீட்டில் பாமாயில், தேங்காய் எண்ணெய், நெய், வனஸ்பதியைக் குறைத்து, நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ அளவாக ஊற்றுங்கள். பொரித்த எண்ணெயை மறுபடி காய்ச்சாதீர்கள். டிரைகிளிசரைடு 210 இருப்பதால் சோறும் இனிப்பும் குறைய வேண்டும். கொழுப்புக்குப் பயந்து மீனை நிறுத்திவிடாதீர்கள். இந்த வயதில் தசைக்குப் புரதம் வேண்டும்.

ஒழுங்காகச் செய்தால் எல்.டி.எல். 10 முதல் 15 சதவீதம் இறங்கலாம். அதாவது 130 பக்கம் வரலாம். அது உங்களுக்குப் போதுமா என்பதை வயது, பிபி, குடும்பத்தில் மாரடைப்பு எல்லாம் பார்த்து உங்கள் டாக்டர் சொல்வார். அதற்கு முன் தைராய்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அது மந்தமாக இருந்தாலும் கொலஸ்ட்ரால் ஏறும்.

அப்புறம் ஒன்று. உங்கள் பத்துப் பேரில் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவரோ பக்கவாதம் வந்தவரோ இருந்தால், நீங்கள் மாத்திரை இல்லாமல் இருப்பதைப் பார்த்து அவர் தன் மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். இந்தப் பதில் அவருக்கு இல்லை என்று நாளைக் காலை நடக்கும்போதே சொல்லிவிடுங்கள்.