எல்லாம் மூன்றடி மேலே ஏறிவிட்டது: வெள்ளத்துக்குப் பிறகு கடலூரில் எங்கள் வீடு

கேள்வி: வெள்ளத்தில் மூழ்கிய சொந்த ஊருக்குத் திரும்பப் போனபோது எப்படி இருந்தது? அன்றாட வாழ்க்கை பழைய நிலைமைக்கு வந்துவிட்டதா?

வந்துவிட்டது. ஆனால் வீட்டில் இருக்கிற பொருளெல்லாம் ஒரு மூன்றடி மேலே ஏறிவிட்டது.

எங்கள் ஊர் கடலூரில், தென்பெண்ணையாற்றின் தென்கரைப் பக்கம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் குண்டு உப்பலவாடி, நாணமேடு, தாழங்குடா என்று செய்திகளில் பெயர்கள் ஓடினவே, அந்த வட்டாரம்தான். நான் பிழைப்புக்காகக் கோயம்புத்தூரில் இருக்கிறேன். அம்மா, அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் அங்கே. தண்ணீர் வந்த ராத்திரி நான் ஊரில் இல்லை. அதனால் படகில் ஏறியது, மொட்டைமாடியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தது எல்லாம் அவர்கள் சொல்ல வேண்டிய கதை. நான் பார்த்தது அதற்குப் பிறகு நடந்தது. சேறு வழித்தபோது கூட இருந்தேன், தையில் ஆற்றுத் திருவிழாவுக்குப் போனேன், அப்புறம் கோடை விடுமுறைக்கு.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் புரிய வேண்டும். கடலூருக்கு வெள்ளம் புதிதல்ல. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, உப்பனாறு என்று மேற்கே பெய்கிற மழை கடலுக்குப் போகிற வழியிலேயே உட்கார்ந்திருக்கிற ஊர் இது. 2004 சுனாமி தேவனாம்பட்டினத்தையும் மற்ற மீனவர் கிராமங்களையும் அடித்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015 மழையில் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் பெரும் சேதம். அந்த வருஷம் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீரோடு போயிற்று. அதனால், "நம்ம வீட்டுக்கு முழங்காலுக்கு மேல வராது" என்ற ஒரு தைரியம் எல்லோருக்கும் இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் மட்டும் 72ஆம் வருஷத்துப் புயலைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். யாரும் காதில் வாங்கியதில்லை.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது. கடந்தும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. ஆனால் எங்கள் வீட்டுக்குள் வந்தது அந்த மழை இல்லை. புயல் மேற்கே நகர்ந்து ஊத்தங்கரை, திருவண்ணாமலைப் பக்கமெல்லாம் கொட்டித் தீர்த்தது. அந்தத் தண்ணீர் முழுக்கப் பெண்ணையாற்றில் இறங்கி, சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 விடியற்காலையில் 1.68 லட்சம் கனஅடி திறந்துவிடப்பட்டது. வினாடிக்கு ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர். அது கிழக்கே கடலூர் வந்து சேர்ந்தபோது எங்கள் பக்கம் மழை விட்டிருந்தது. "மழதான் நின்னுப்போச்சே" என்று அண்ணி ஈரத்துணிகளைக் கொடியில் போட்டிருக்கிறார். அந்தக் கொடியும் போயிற்று, துணியும் போயிற்று.

அணை திறப்பதை முன்கூட்டியே சொன்னார்களா, சொன்னது போதுமா என்று அப்போது நடந்த சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குள் நான் போகவில்லை. என் வருத்தம் வேறு. ஒரு லட்சம் கனஅடி என்றால் ஆற்றங்கரையில் வெண்டைக்காய் பறிக்கிறவருக்கு என்ன புரியும்? எங்கள் ஊரில் தண்ணீரை உடம்பால்தான் அளப்பார்கள். கணுக்கால், முட்டி, இடுப்பு, மார்பு. அதைத் தாண்டினால் ஜன்னல் கட்டை, சன்ஷேடு. "பிள்ளையார் கோயில் மேல்படி முழுகும், நாளை ராத்திரிக்குள்" என்று ஒலிபெருக்கியில் ஒரு வரி சொல்லியிருந்தால் பாதிப் பேர் பீரோவைத் திறந்து காகிதங்களை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். அணையில் எவ்வளவு திறந்தால் எந்தத் தெருவில் எந்த மட்டம் என்று கணக்குப் போட்டு வைப்பது இந்தக் காலத்தில் செய்யமுடியாத வேலை இல்லை.

சரி, போய்ப் பார்த்தது.

முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. ஊறிப்போன அரிசி மூட்டை, செப்டிக் டேங்க், செத்த கோழி, டீசல் எல்லாம் சேர்ந்த நாற்றம். ஆறு கொண்டுவந்தது வண்டல்தான், வயலில் படிந்தால் நல்லது என்பார்கள். கூடத்தில் முக்கால் அடிக்குப் படிந்தால் தெரியும் அதன் நல்லது. ஈரமாக இருக்கும்போதே வழித்துத் தள்ள வேண்டும். ஒரு வெயில் பட்டுவிட்டால் இறுகிவிடும், அப்புறம் மண்வெட்டியால் கொத்த வேண்டியதுதான். வழித்த சேற்றை எங்கே கொட்டுவது என்பதற்கே தெருவில் சண்டை. எல்லோர் வாசலிலும் குவியல் குவியலாகக் கிடந்தது. ஒவ்வொரு குவியலையும் கம்பால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தோம். பாம்பு.

எது தப்பிக்கும், எது தப்பிக்காது என்பது அப்போதுதான் தெரிந்தது. பிரிட்ஜ் மிதக்கும். மிதந்து குப்புறக் கவிழ்ந்து, வடிந்தபோது சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்து கிடந்தது. இலவம்பஞ்சு மெத்தையை நாலு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. அறுத்து எடுத்தோம். கடன் போட்டு வாங்கிய பிளைவுட் அலமாரி உப்பி, கையால் தொட்டாலே உதிர்ந்தது. பாட்டி காலத்துத் தேக்குப் பெட்டியை இரண்டு நாள் நிழலில் காயவைத்தோம், அப்படியே உறுதியாக நிற்கிறது. எவர்சில்வர் பாத்திரம் ஒன்றும் ஆகவில்லை, கழுவத்தான் தண்ணீர் இல்லை. ஊரெல்லாம் தண்ணீர் வந்துபோன பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்திருந்தோம். மோட்டார் எரிந்துபோயிருந்தது, கிணற்றைப் பார்க்கவே முடியவில்லை.

பைக் விஷயம் ஒன்று, யாருக்காவது பயன்படும். முழுகிய வண்டியைத் தயவுசெய்து ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். ஆர்வத்தில் ஓர் உதை உதைத்தால், அதுவரை சைலன்சரிலும் ஏர் ஃபில்டரிலும் இருந்த தண்ணீர் என்ஜினுக்குள் போய்விடும். தள்ளிக்கொண்டுபோய் மெக்கானிக்கிடம் விடுங்கள். ஆயிலைக் கழற்றி ஊற்றும்போது அது பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த மாதம் எங்கள் பக்கத்தில் மெக்கானிக்குக்கு இருந்த மரியாதை டாக்டருக்கு இல்லை.

காகிதங்கள்தான் ரொம்பப் படுத்தின. பத்திரம், பட்டா, பிள்ளைகளின் மார்க் ஷீட், அப்பாவின் இறப்புச் சான்றிதழ். ஒட்டிக்கொண்ட காகிதத்தை அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது, வெயிலிலும் போடக் கூடாது. வெள்ளைத் துணி விரித்து, மின்விசிறி இல்லாததால் ஜன்னலோரக் காற்றில் ஒவ்வொரு தாளாகக் காயவைத்தார் அண்ணி. பத்திரம் பிழைத்தது. கல்யாண ஆல்பம் பிழைக்கவில்லை. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் முகம் எதிர்ப் பக்கத்துக்குப் போய்விடுகிறது. இப்போது எல்லாச் சான்றிதழையும் போட்டோ எடுத்து, டிஜிலாக்கரில் இருப்பதை அங்கேயும் வைத்து, எனக்கும் ஒரு பிரதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். நான்தான் இப்போது குடும்பத்தின் பீரோ.

நிவாரணம் பற்றிச் சொல்லாமல் போனால் எங்கள் தெருவில் என்னை விட மாட்டார்கள். தமிழ்நாடு அரசு கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2000 ரூபாய் அறிவித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாகூர், சோரியாங்குப்பம், குருவிநத்தம் எல்லாம் புதுச்சேரி. அங்கே குடும்ப அட்டைக்கு 5000. ஒரே ஆறு, ஒரே தண்ணீர், ஒரே ராத்திரி. அக்கரையில் பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் பாதித் தெரு. "எங்க சம்பந்தி வூட்டுல மூணாயிரம் கூட வாங்கிட்டாங்க" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கோடையிலும் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கோபத்தில் பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

தையில் ஆற்றுத் திருவிழாவுக்குப் போனபோது ஜனங்கள் எப்படி இருப்பார்களோ என்ற யோசனையோடுதான் போனேன். தை ஐந்தாம் நாள் சுற்றுவட்டாரக் கோயில் சாமிகளெல்லாம் பெண்ணையாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வரும். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் வீட்டுக்குள் வந்த அதே ஆற்றங்கரையில் ராட்டினம், பொம்மைக் கடை, பெருங்கூட்டம். சுருளிக் கிழங்கு மலைபோல் குவித்து விற்றார்கள். அந்தக் கிழங்கை வாங்காமல் ஆற்றுத் திருவிழாவிலிருந்து யாரும் வீடு திரும்ப மாட்டார்கள், நாங்களும் வாங்கினோம். ஆற்றின் மேல் யாருக்கும் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அம்மா கரையில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். "வந்தியே, சொல்லிட்டு வந்தியா?" என்று ஆற்றைப் பார்த்து ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான். ஆனால் கூட்டத்தில் நின்ற ஆண்கள் பேசிக்கொண்டதெல்லாம் கரையைப் பற்றி. எங்கே உடைந்தது, எங்கே மணல் மூட்டை போட்டிருக்கிறார்கள், எந்த இடத்தில் கருவேலம் மண்டி ஆறு குறுகிக் கிடக்கிறது. சினிமாவோ அரசியலோ பேசி நான் கேட்கவில்லை.

இனி, முதலில் சொன்ன மூன்றடி. கோடையில் போனபோதுதான் அது முழுதாகக் கண்ணில் பட்டது. பிளக் பாயிண்ட் எல்லாம் தோள் உயரத்துக்குப் போய்விட்டது. போன் சார்ஜ் போட அம்மா கையைத் தூக்க வேண்டியிருக்கிறது. வாஷிங் மெஷின் சிமென்ட் திண்டின் மேல் நிற்கிறது. மோட்டாருக்கு இடுப்பு உயரத்தில் மேடை. பத்து வருஷமாகப் பழைய சாமான் போட்டு வைத்திருந்த பரணைக் காலி செய்து, அரிசியும் பருப்பும் டிரம்மில் அங்கே ஏறிவிட்டன. தினமும் சமைக்க ஏணி போட்டு அரிசி எடுக்கிறார் அண்ணி. கீழே ஒரு வாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்களேன் என்றேன். "ஐப்பசி வந்தா திருப்பி ஏத்தணுமே தம்பி" என்றார். மே மாதம் அது. வெளியே அக்னி நட்சத்திரம் கொளுத்துகிறது.

எங்கள் வீடு மட்டும் இல்லை. எதிர்வீட்டில் பூஜை மாடம் சுவரில் மேலே ஏறியிருக்கிறது. மளிகைக் கடைக்காரர் கீழ்த் தட்டு இரண்டையும் காலியாகவே விட்டு, மேலிருந்துதான் அடுக்குகிறார். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்தை எவ்வளவு தூக்குகிறார்கள் என்று பார்த்தாலே, அந்த வீட்டில் தண்ணீர் எதுவரை நின்றது என்று சொல்லிவிடலாம். சுவரில் இருந்த சேற்றுக் கோட்டைப் பல பேர் வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். எங்கள் அண்ணன் மட்டும் கொல்லைப்புறச் சுவரில் அதை அப்படியே விட்டு, பக்கத்தில் ஆணியால் தேதி கீறி வைத்திருக்கிறார். அவருக்கு அது அளவுகோல். கொத்தனாரிடம் காட்டிப் பேசுகிறார்.

கொத்தனாரிடம் என்ன பேச்சு என்றால், வீட்டையே தூக்குவது. ஜாக்கி வைத்து முழு வீட்டையும் நாலடி உயர்த்தித் தருகிற ஆட்கள் இப்போது இருக்கிறார்கள். அண்ணன் அதில் தீவிரமாக இருக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அப்பா வீடு கட்டியபோது வாசலிலிருந்து ரோட்டுக்கு மூன்று படி இறங்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு இன்று ரோடும் வாசலும் ஒரே மட்டம். ஆறு வர வேண்டாம், ஐப்பசியில் அடித்துப் பெய்தாலே ரோட்டுத் தண்ணீர் கூடத்தை எட்டிப் பார்க்கிறது. இதில் ஆற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அம்மாவுக்கு இதில் சம்மதம் இல்லை. மூட்டு வலி. "நாலடி தூக்கினா ஆறு படி. தண்ணி அம்பது வருஷத்துக்கு ஒரு தடவ வருது, நான் வாசலுக்கு நாளைக்கு அம்பது தடவ போறேன்" என்கிறார். சாய்தளம் வைக்கலாம் என்றால் அதற்கு வாசலில் இடம் போதாது, முருங்கை மரத்தை வெட்ட வேண்டும். வெட்டவும் விட மாட்டார். வெள்ளத்திலும் சாயாத மரமாம். நான் ஊரிலிருந்து கிளம்பும்போது, ஆடி முடிந்து கொத்தனாரை வரச் சொல்லி அண்ணன் முன்பணம் கொடுத்திருந்தார். அது அம்மாவுக்கு இன்னும் தெரியாது.