செங்கல்லில் அடைத்தும் குளிர் நிற்கவில்லையே?

கேள்வி: ஸ்காபரோவில் எங்களுடையது முப்பது ஆண்டுப் பழைய செங்கல் வீடு. குசினியில் சிங்க்குக்குக் கீழே உள்ள அலுமாரியைத் திறந்தால் குளிர்காற்று முகத்தில் அடிக்கிறது. சமைக்கும் நேரத்தில் இன்னும் மோசம். பேஸ்மென்டில் ஏசிக் குழாய் வெளியே போகும் இடத்திலும் இதே கதைதான். இலையுதிர் காலத்தில் என் கணவர் வெளியே நின்று குழாய்களைச் சுற்றி ஃபோம் (விரிந்து இறுகும் நுரை) அடித்தார். ஒரு மாற்றமும் இல்லை. செங்கல் சுவரின் அடி வரிசையில் சிறு சிறு துளைகள் தெரிகின்றன. அவற்றையும் அடைத்துவிடலாமா? அலுமாரிக்குள் எலிப் புழுக்கை கிடந்ததையும் சொல்ல வேண்டும்.

பதில்: அடி வரிசைத் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். அவை கொத்தனார் மறந்துவிட்ட இடைவெளிகள் அல்ல. தண்ணீர் வெளியேற வேண்டும் என்றே விடப்பட்டவை.

உங்கள் வீட்டைப் போன்ற ஒன்டாரியோ வீடுகளில் செங்கல் என்பது வீட்டைத் தாங்கும் சுவர் அன்று. வெளியே போர்த்திய மழைக்கோட்டு மட்டுமே. அதற்குப் பின்னால் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் வெற்றிடம் இருக்கும். அதன் பின் பலகை, மரச்சட்டம், சட்டங்களுக்கு இடையே கண்ணாடியிழைப் பஞ்சு, அதை மூடிய பிளாஸ்டிக் தாள், கடைசியாக நீங்கள் வண்ணம் பூசும் டிரைவால். செங்கல் மழையை உறிஞ்சும். உள்ளே கசிந்த நீர் வெற்றிடத்தில் வழிந்து, அடியிலுள்ள அந்தத் துளைகள் வழியாக வெளியேறும். துளைகளை அடைத்தால் நீர் உள்ளேயே தேங்கி மரத்தை உளுக்க வைக்கும். குளிர்காலத்தில் அதே நீர் உறைந்து, செங்கல்லின் முகத்தைச் செதில் செதிலாகப் பெயர்த்தெடுக்கும்.

உங்கள் கணவரின் உழைப்பு ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. துளைகள் திறந்திருப்பதால் செங்கல்லுக்குப் பின்னுள்ள வெற்றிடத்தில் எப்போதும் வெளிக்காற்றுதான் நிற்கிறது. செங்கல்லில் குழாய் நுழையும் இடத்தை எவ்வளவு இறுக்கமாக அடைத்தாலும், காற்று அடித்துளை வழியாக வெற்றிடத்துக்குள் போய், பலகையில் குழாய்க்காக வெட்டிய ஓட்டையைக் கண்டுபிடித்து, பஞ்சையும் கடந்து உங்கள் அலுமாரிக்குள் வந்துவிடும். பஞ்சு வெப்பத்தைத் தடுக்குமே தவிர, காற்றைத் தடுக்காது, வடிகட்டத்தான் செய்யும். சுவரைத் திறக்கும்போது பஞ்சு சில இடங்களில் கறுத்திருந்தால், பல ஆண்டுகளாகக் காற்று அந்த வழியே நடமாடியிருக்கிறது என்று அர்த்தம். ஆகவே காற்றை வீட்டின் உட்பக்கத்திலிருந்து அடைக்க வேண்டும். வெளிப்பக்கத்தில் அடைப்பது மழைக்காக மட்டும்.

சமைக்கும்போது குளிர் கூடுவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல கவனிப்பு. மிளகாய் வறுக்கவும் மீன் பொரிக்கவும் வேண்டும் என்று நம்மவர்கள் அடுப்புக்கு மேல் வலுவான புகைவிசிறியைப் பொருத்துகிறார்கள். நிமிடத்துக்கு 400 கன அடி காற்றை இழுக்கும் விசிறிகள் இன்று சாதாரணம். அவ்வளவு காற்று வெளியே போனால், அவ்வளவும் எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். பூட்டிய வீட்டில் அதற்குக் கிடைக்கும் வழி குழாய் ஓட்டைகள்தாம். விசிறி ஓடாதபோதும் குளிர்காலத்தில் சூடான காற்று மேலெழுந்து கூரைப் பக்கமாகக் கசிகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழ்த்தளத்து இடைவெளிகள் வெளிக்காற்றை இழுக்கின்றன. பேஸ்மென்ட் எப்போதும் சில்லென்று இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஓட்டைகளைக் கண்டுபிடிக்கவும் அதே விசிறியையே பயன்படுத்தலாம். குளிரும் காற்றும் உள்ள நாளில் எல்லா ஜன்னல்களையும் மூடி, புகைவிசிறியையும் குளியலறை விசிறிகளையும் முழு வேகத்தில் ஓட விடுங்கள். சாமியறையிலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தி, வெளிச்சுவரில் குழாய் நுழையும் ஒவ்வோர் இடத்திலும் பிடியுங்கள். புகை நேராக எழுந்தால் பிரச்சினை இல்லை. உங்கள் பக்கம் சாய்ந்து கலைந்தால் அங்கே ஓட்டை. ஓர் எச்சரிக்கை: எரிவாயுவில் ஓடும் பழைய சுடுநீர்க் கலன் உங்களிடம் இருந்தால், அதை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். விசிறிகள் இழுக்கும் இழுப்பில் அதன் புகை குழாய் வழியே போகாமல் வீட்டுக்குள் திரும்பக்கூடும்.

இனி சிங்க்குக்குக் கீழே. அலுமாரியின் பின்பலகையில் தெரியும் பெரிய ஓட்டையைப் பார்த்து அதைத்தான் பலர் அடைக்கிறார்கள். அது தப்பு. அலுமாரிக்குள் வீசுவது நின்றதுபோலத் தோன்றும். ஆனால் பலகைக்கும் சுவருக்கும் நடுவே குளிர்காற்று தொடர்ந்து ஓடும், அங்கே மாட்டிக்கொண்ட தண்ணீர்க் குழாய் முன்னைவிட அதிகமாகக் குளிரும். டார்ச் அடித்து, பின்பலகைக்கு அப்பால் உள்ள டிரைவாலைப் பாருங்கள். அடைக்க வேண்டியது அங்கே. குழாயைச் சுற்றி வட்டத் தகடு இருந்தால் அதை முன்னால் நகர்த்துங்கள். அது அழகுக்குத்தான், காற்றைத் தடுக்காது.

இடைவெளி 6 மில்லிமீட்டருக்குள் என்றால் சிலிக்கோன் சீலன்ட் என்னும் அடைப்புப் பசை போதும். அதைவிடப் பெரிதாக, விரல் நுழையும் அளவு என்றால் பேக்கர் ராட் எனப்படும் நுரைக் கயிற்றை முதலில் திணித்து, அதன் மேல் சீலன்ட் பூசுங்கள். அதற்கும் பெரிய, கோணல்மாணலான ஓட்டைக்குத்தான் ஃபோம். ஜன்னல், கதவுகளுக்கென்று விற்கும், குறைவாக விரியும் வகையை வாங்குங்கள். மற்றது உப்பிப்போய்க் குழாயையே தள்ளும். ஓட்டையைப் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள், மீதியை அது தானே விரிந்து நிரப்பும். ஃபோம் ஈரத்தில்தான் இறுகுகிறது. குளிர்கால வீட்டின் வறண்ட காற்றில், அடிக்குமுன் லேசாகத் தண்ணீர் தெளித்தால் நன்றாகப் பிடிக்கும். கராஜில் குளிர்ந்து கிடந்த டப்பா சரியாக வேலை செய்யாது. ஒரு நாள் முன்பே வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். அதன் வாயு தீப்பற்றக்கூடியது என்பதால் அருகில் சுடர் எதுவும் இருக்கக் கூடாது. கையுறை கட்டாயம்: தோலில் இறுகிய ஃபோம் சோப்புக்கு மசியாது.

எலிக்கு ஃபோம் ஒரு பொருட்டே இல்லை, கடித்துத் துளைத்துவிடும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளியே போதும். எனவே உங்கள் விஷயத்தில் செப்புக் கம்பி வலையை முதலில் ஓட்டையில் நெருக்கமாகத் திணித்து, அதன் மேல் ஃபோமோ சீலன்ட்டோ போடுங்கள். பாத்திரம் தேய்க்கும் சாதாரண இரும்பு நார் துருப்பிடித்து உதிர்ந்துவிடும்.

தண்ணீர்க் குழாய் வெளிச்சுவருக்கு உள்ளேயே ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். தரையிலிருந்து மேலே வந்தால் கவலை குறைவு. சுவரிலிருந்து வெளிவந்தால், மைனஸ் 20 வரை போகும் ஜனவரி இரவுகளில் அலுமாரிக் கதவைத் திறந்தே வையுங்கள். வீட்டின் சூடு குழாய்க்கு எட்ட வேண்டும். அதே காரணத்தால், அந்தச் சுவரை ஃபோமால் முழுக்க நிரப்பும் யோசனைக்கு இடம் கொடுக்காதீர்கள். வெப்பக் காப்பு குழாய்க்கும் வெளிக்குளிருக்கும் நடுவே இருக்க வேண்டும். குழாய்க்கும் அறைக்கும் நடுவே வந்தால் குழாய் சீக்கிரமே உறையும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது, அந்த அழுத்தத்தில் குழாய் வெடிக்கும். ஒருமுறையாவது உறைந்த வரலாறு இருந்தால், டிரைவாலைத் திறந்து குழாய்க்குப் பின்னால் காப்பு வைப்பதுதான் வழி.

பேஸ்மென்ட் ஏசிக் குழாய்க்கு ஃபோம் வேண்டாம். பின்னாளில் ஏசியை மாற்றும்போது அதைச் செதுக்கி எடுப்பது பெரும்பாடு. டக்ட் சீல் என்று ஒரு சாம்பல் நிற மக்கு விற்கிறது. பல ஆண்டுகளுக்கு இறுகாது, கையாலேயே உருட்டி அமுக்கலாம், வேண்டும்போது பிய்த்தெடுக்கலாம். கொங்கிரீட் சுவரின் தலையில் அமர்ந்திருக்கும் மரச்சட்டத்தில் வேறு குழாய், வயர் எது வெளியே போனாலும் அவற்றைச் சுற்றியும் ஊதுபத்தியைக் காட்டுங்கள்.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் சுவரைக் கடக்கும் இடத்தில் சுற்றிலும் சீலன்ட் பூசலாம். வெளியே உள்ள அவற்றின் வாய்களில் கை வைக்காதீர்கள். பழைய சுடுநீர்க் கலனின் உலோகப் புகைக்குழாய் வேறு சங்கதி. அது சுடும், எரியும் பொருள் அதிலிருந்து குறைந்தது 25 மில்லிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும், ஃபோம் பக்கத்திலேயே வரக் கூடாது. அந்த இடைவெளியை உலோகத் தகடும் வெப்பம் தாங்கும் சீலன்ட்டும் கொண்டுதான் மூடுவார்கள். அதை உரிமம் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பரிடம் விடுங்கள். அப்படிப்பட்ட கலன் இருந்தால், ஓட்டைகளை அடைத்த பிறகு புகைவிசிறி ஓடும்போதெல்லாம் குசினி ஜன்னலை ஓர் அங்குலம் திறந்து வையுங்கள். படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மொனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்டாரியோவில் சட்டப்படி இருந்தாக வேண்டும். அதன் பொத்தானை இன்றே அழுத்திப் பாருங்கள்.

உட்பக்க வேலையை இந்த வார இறுதியிலேயே தொடங்கலாம். வெளிப்பக்கத்துக்கு மே மாதம் வரை பொறுங்கள். பெரும்பாலான சீலன்ட்களுக்கு 5 பாகைக்கு மேல் வெப்பநிலை வேண்டும், செங்கல்லும் காய்ந்திருக்க வேண்டும். கணவர் அடித்த ஃபோம் வெயில் பட்டு மஞ்சளாகிப் பொடியத் தொடங்கியிருக்கும். அதை செங்கல் முகத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே போகுமளவு கத்தியால் வெட்டி, மேலே வெளிப்புறப் பாலியுரேத்தேன் சீலன்ட் பூசச் சொல்லுங்கள். தோட்டத்துக் குழாயின் தகட்டுக்கு மட்டும், மேற்புறத்திலும் பக்கங்களிலும் பூசி, அடியில் சிறிது திறந்து விடட்டும்.